மாடு வாங்கச் சிட்டா கேட்ட விதி

2017 மே 23 அன்று ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் கால்நடைச் சந்தைகளுக்குப் புதிய விதிகளை அறிவித்தபோது, விவாதம் பெரிதும் மாட்டிறைச்சி உண்ணும் உரிமையைச் சுற்றியே நடந்தது. அவ்வுரிமை முதன்மையானதே. ஆயினும் கறவை மாட்டை நம்பி வாழும் நிலமற்ற தலித் குடும்பங்களை அவ்விதிகள் எவ்வாறு தாக்கின என்பது போதிய கவனம் பெறவில்லை.

இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்பதை விதி 22 தடை செய்தது. எருமையும் அதில் அடங்கும். வாங்குபவர் வேளாண்மைக்கே வாங்குவதாக உறுதியளிக்க வேண்டும், ஆறு மாதங்களுக்கு விற்கக் கூடாது. மேலும், அவர் விவசாயிதான் என்பதை வருவாய்த் துறை ஆவணத்தைப் பார்த்துச் சந்தைக் குழு உறுதிசெய்ய வேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையை நிதானமாகப் படிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வருவாய் ஆவணம் என்றால் பட்டா, சிட்டா, அடங்கல். வரப்புப் புல்லையும் புறம்போக்கு மேய்ச்சலையும் நம்பி ஒரு மாடு வளர்த்து, கூட்டுறவுச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் சேரிக் குடும்பத்திடம் இவற்றில் எது இருக்கும்? அக்குடும்பம் விதியின் கண்ணுக்கு விவசாயியே அல்ல. பஞ்சமி நிலங்கள் பறிபோன வரலாறு மாட்டுச் சந்தையின் வாயிலிலும் வந்து மறிக்கிறது.

விற்பதிலும் இதே நிலைதான். மடி வற்றி, சினை பிடிக்காத மாட்டை விற்ற பணமே அடுத்த மாட்டுக்கு முதல். உழவுக்கு ஆகாத கலப்பினக் காளைக் கன்றுக்கும் இறைச்சிச் சந்தையை விட்டால் வேறு விலை இல்லை. நிலமுடையவர் சொந்த வைக்கோலைப் போட்டுக் கிழட்டு மாட்டைச் சில காலம் காக்கலாம். தீவனம் முழுவதையும் விலைக்கு வாங்குபவர் என்ன செய்வார்? விற்க முடியாத மாடு தொழுவிலேயே மடிந்தால், அதை இழுத்துப் போகச் சொல்லி ஊர் யாரை அழைக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இறந்த மாட்டின் தோலை உரித்ததற்காகத்தான் 2016 ஜூலை 11 அன்று குஜராத்தின் உனா பகுதியில் தலித்துகள் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர்.

2017 மே 30 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவ்விதிகளின் சில பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. விதிகளைத் திருத்தி வெளியிடுவதாக ஒன்றிய அரசு அங்கே கூறியது.

இனி எந்தச் சந்தை விதி வந்தாலும் ‘விவசாயி’ என்ற சொல்லுக்கு அது தரும் வரையறையை முதலில் பார்க்க வேண்டும். பால் சங்க உறுப்பினர் அட்டையையும் சான்றாக ஏற்கலாம் என்று ஒரு வரி சேர்க்க அரசுக்குச் செலவு ஏதுமில்லை.