பிரென்னர் விரைவுச்சாலை

பிரென்னர் விரைவுச்சாலை என்பது ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரையும் இத்தாலியின் மொடெனா நகரையும் ஆல்ப்ஸ் மலைத்தொடருக்குக் குறுக்கே இணைக்கும் விரைவுச்சாலை ஆகும். இதன் ஆஸ்திரியப் பகுதி ஏ13 எனவும், இத்தாலியப் பகுதி ஏ22 எனவும் குறிக்கப்படுகின்றது. இவற்றின் நீளம் முறையே ஏறத்தாழ 35 கி.மீ., 314 கி.மீ. ஆகும். இச்சாலை ஐரோப்பியப் பெருவழி இ45 இன் ஒரு பகுதியாகவும் உள்ளது.

அமைவிடம்

ஆல்ப்ஸின் முதன்மைத் தொடரைக் கடக்கும் கணவாய்களுள் பிரென்னர் தாழ்வான ஒன்றாகும். இதன் உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,370 மீட்டர். இதனால் கணவாயின் உச்சியை நீண்ட சுரங்கம் எதுவுமின்றித் திறந்தவெளியிலேயே விரைவுச்சாலை கடக்கின்றது. முதல் உலகப் போருக்குப் பின்னர் ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடையிலான எல்லை இக்கணவாயில் வரையப்பட்டது. எல்லைக்கு இருபுறமும் செருமன் மொழி பேசும் டிரோல் மக்கள் வாழ்கின்றனர்.

பாதை

இன் பள்ளத்தாக்கின் ஊடாகச் செல்லும் ஏ12 சாலையிலிருந்து இன்ஸ்புருக் அருகே ஏ13 பிரிகின்றது. அது ஐரோப்பாப் பாலத்தைக் கடந்து, முதன்மைச் சுங்கச்சாவடி அமைந்துள்ள ஷோன்பெர்க்கை அடைகின்றது. பின்னர் மாத்ரை, ஸ்டைனாக், கிரீஸ் ஆகிய ஊர்களின் அருகாகக் கணவாய்க்கு ஏறுகின்றது. இத்தாலியில் இசார்க்கோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கும் சாலை, போல்சானோவைத் தாண்டியபின் ஆடிஜே ஆற்றை ஒட்டி டிரென்டோ, ரோவெரேட்டோ வழியாகச் செல்கின்றது. வெரோனாவில் ஏ4 சாலையைச் சந்தித்து, மாந்துவாவுக்கு அருகே சென்று, போ ஆற்றைக் கடந்து, மொடெனாவில் ஏ1 சாலையுடன் இணைகின்றது.

கட்டுமானம்

ஆஸ்திரியப் பகுதியின் கட்டுமானம் 1959 இல் ஐரோப்பாப் பாலத்துடன் தொடங்கியது. 'சில்' என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கிலிருந்து ஏறத்தாழ 190 மீட்டர் உயரத்தில் செல்லும் இப்பாலம் 1963 நவம்பரில் திறக்கப்பட்டது. எஃகினாலான பெட்டி வடிவ உத்திரம் காங்கிரீட் தூண்களின்மீது அமர்த்தப்பட்டுள்ளது. தூண்களில் மிக உயரமானது ஏறத்தாழ 147 மீட்டர். இரு தூண்களுக்கிடையிலான மிகப்பெரிய இடைவெளி 198 மீட்டர். கட்டுமானத்தின்போது உயிரிழந்த தொழிலாளர்களின் நினைவாகப் பாலத்தின் அருகில் சிற்றாலயம் ஒன்று எழுப்பப்பட்டது.

இத்தாலியப் பகுதியைக் கட்டுவதற்கான நிறுவனமும் 1959 இலேயே அமைக்கப்பட்டது. போல்சானோவுக்கும் டிரென்டோவுக்கும் இடையிலான பகுதி 1968 டிசம்பரில் திறக்கப்பட்டது. குறுகிய இசார்க்கோப் பள்ளத்தாக்கில் ஏராளமான தூண்பாலங்களும் சுரங்கங்களும் தேவைப்பட்டமையால் அப்பகுதி இறுதியாகவே, 1974 இல், முடிவுற்றது. இத்தாலியப் பகுதியின் ஓரத்தடுப்புகள், மேற்பரப்பில் படியும் துருவே பாதுகாப்புப் படலமாக அமையும் ஒருவகை எஃகினால் ஆனவை. அவற்றின் பழுப்பு நிறம் இச்சாலையின் அடையாளமாகிவிட்டது.

போக்குவரத்தும் எதிர்ப்பும்

தாழ்வான கணவாயும் அகலமான சாலையும் செருமனிக்கும் இத்தாலிக்கும் இடையிலான சரக்குந்துகளை ஈர்த்தன. அயல்நாடான சுவிட்சர்லாந்து 2001 வரை சரக்குந்துகளின் எடையை 28 டன்னாக மட்டுப்படுத்தியிருந்ததும் இதற்கு ஒரு காரணமாகும். 1998 இல் எல்லைச் சோதனைகள் நீக்கப்பட்டன. 2020களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 24 இலட்சத்துக்கும் மேற்பட்ட சரக்குந்துகள் கணவாயைக் கடந்தன. குறுகிய மலைப் பள்ளத்தாக்குகளில் இரைச்சலும் புகையும் எளிதில் கலைவதில்லை என்பதால், சாலையோர ஊர்களின் மக்கள் நீண்ட காலமாகவே எதிர்ப்புத் தெரிவித்து வருகின்றனர்.

1998 சூனில் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் ஏறத்தாழ 30 மணிநேரம் சாலையை மறித்தனர். இதனால் இழப்பு ஏற்பட்டதாகச் செருமானியப் போக்குவரத்து நிறுவனம் ஒன்று ஆஸ்திரியாமீது வழக்குத் தொடுத்தது. சரக்குகளின் தடையற்ற நடமாட்டம், கூட்டம் கூடும் உரிமை ஆகிய இரண்டையும் நிறுத்துப் பார்த்த ஐரோப்பிய நீதிமன்றம், மறியலை ஆஸ்திரியா தடைசெய்யாதது ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணன்று என 2003 இல் தீர்ப்பளித்தது. எனினும் பூசல் ஓயவில்லை. இரவுநேரத் தடை முதலான டிரோலின் கட்டுப்பாடுகளை எதிர்த்து 2024 இல் இத்தாலி அதே நீதிமன்றத்தை நாடியது.

லூயக் பாலம்

கணவாய்க்குச் சற்று வடக்கே கிரீஸ் ஊரருகே உள்ள லூயக் பாலம், ஏ13 இன் மிக நீளமான பாலம் ஆகும். ஏறத்தாழ 1.8 கி.மீ. நீளமுடைய இது 1960களில் கட்டப்பட்டது. பல பத்தாண்டுகளாகப் பெருஞ்சுமையைத் தாங்கி நலிவுற்றதால், 2025 சனவரி முதல் பெரும்பாலான நாட்களில் திசைக்கு ஒரு தடம் மட்டுமே திறக்கப்படுகின்றது. நெரிசல் மிகும் நாட்களில் மட்டும் இரு தடங்கள் திறக்கப்படுகின்றன. இரைச்சலிலிருந்து விடுபடும் பொருட்டு அவ்வூர் சுரங்கப்பாதை கோரிய போதிலும், புதிய பாலமே கட்டுவதென முடிவானது. அதன் பணிகள் 2025 இல் தொடங்கின. முழுத் திட்டமும் 2030 இல் நிறைவுறும் எனத் திட்டமிடப்பட்டுள்ளது.

எதிர்காலம்

சரக்குப் போக்குவரத்தின் ஒரு பகுதியைத் தண்டவாளத்துக்கு மாற்றும் நோக்குடன் இன்ஸ்புருக்கிலிருந்து கணவாயின் அடியாக 55 கி.மீ. நீளமான பிரென்னர் அடித்தளச் சுரங்கம் அமைக்கப்பட்டு வருகின்றது. இச்சுரங்கத்தில் தொடர்வண்டிகள் 2032 இல் ஓடத் தொடங்கும் என எதிர்பார்க்கப்படுகின்றது.