ரீட்மீ ஃபைலுக்கு வால் வேண்டுமா?

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட் வைவா. என் லேப்டாப்பில் இருப்பது உபுண்டு. கோட், ரிப்போர்ட், எப்படி ரன் பண்ணணும்னு எழுதிய ஒரு ரீட்மீ, எல்லாத்தையும் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். எக்ஸ்டர்னல் சார் லேப் சிஸ்டத்தில் ரீட்மீயை டபுள் கிளிக் செய்தார். எந்த சாஃப்ட்வேரில் திறக்கணும்னு விண்டோஸ் அவரையே திருப்பிக் கேட்டது. "என்னம்மா, ஃபைல் கரப்ட் ஆயிடுச்சா?" என்றார். ஃபைலில் ஒரு குறையும் இல்லை. பெயருக்குப் பின்னால் .டிஎக்ஸ்டி இல்லை, அவ்வளவுதான்.

என்னிடம் மட்டும் எப்படித் திறந்தது? லினக்ஸ் கெர்னலுக்கு எக்ஸ்டென்ஷன் என்று தனியாக ஒன்று கிடையாது. அந்தப் புள்ளியும் பெயரில் இன்னொரு எழுத்துதான். பெயரை வைத்து வகை தெரியலைன்னா, டெஸ்க்டாப் ஃபைலுக்குள் இருக்கும் பைட்டுகளைப் பார்த்து முடிவு செய்யும். ஒரு பிஎன்ஜி படத்துக்கு .டிஎக்ஸ்டி என்று பெயர் மாற்றி, டெர்மினலில் 'ஃபைல்' கமாண்ட் கொடுத்துப் பாருங்கள். ஏமாறவே ஏமாறாது!

விண்டோஸ் அப்படி உள்ளே எட்டிப் பார்ப்பதில்லை. பெயருக்கு 8 எழுத்து, எக்ஸ்டென்ஷனுக்கு 3 எழுத்து என்று டாஸ் காலத்திலிருந்து வந்த பழக்கம். கடைசிப் புள்ளிக்குப் பிறகு இருப்பதை ரெஜிஸ்ட்ரியில் தேடும், அதற்குரிய சாஃப்ட்வேரைத் திறக்கும். ஒன்றும் கிடைக்கலைன்னா நம்மிடமே கேட்கும்.

இவ்வளவு நம்பியிருக்கும் எக்ஸ்டென்ஷனை எக்ஸ்ப்ளோரர் நம்மிடமிருந்து மறைத்து வேறு வைக்கிறது. அதனால் நீங்கள் ரீட்மீ.டிஎக்ஸ்டி என்று டைப் செய்தால், உண்மையில் ரீட்மீ.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி ஆகிவிடும். இதோடு போனால் பரவாயில்லை. 2000 மே மாதம் 'ஐ லவ் யூ' வைரஸ் மெயிலில் வந்தபோது அட்டாச்மென்ட் பெயர் .டிஎக்ஸ்டி.விபிஎஸ் என்று முடிந்தது. கடைசி .விபிஎஸ் மறைந்துபோக, வெறும் டெக்ஸ்ட்தானே என்று திறந்தார்கள். ஓடியது ஸ்கிரிப்ட்.

சரி, .எம்டி? கிட்ஹப்பில் போடுவதென்றால் அதுதான் நல்லது. தலைப்பு, லிங்க் எல்லாம் அழகாகத் தெரியும். ஆனால் எங்கள் லேப் சிஸ்டத்தில் .எம்டியைத் திறக்க எதுவும் இல்லை. பென்டிரைவில் கொடுப்பதற்கு .டிஎக்ஸ்டி போதும்.

எக்ஸ்டென்ஷன் ஒன்றே எல்லாத்தையும் சரி பண்ணிடாது. சார் கடைசியில் நோட்பேடில் திறந்தபோது நான் எழுதிய 40 வரியும் ஒரே வரியாக ஓடியது. லினக்ஸ் வரி முடிவில் எல்எஃப் மட்டும் வைக்கும். விண்டோஸ் சிஆர், எல்எஃப் இரண்டும் வைக்கும். 2018-க்கு முந்தைய நோட்பேடுக்கு எல்எஃப் மட்டும் இருந்தால் புரியாது. சார் பொறுமையாக ஸ்க்ரோல் பண்ணிப் படித்தார், பாவம்.

ஃபைனல் ப்ராஜெக்ட் சப்மிட் பண்ணும் முன் விண்டோஸ் சிஸ்டம் ஒன்றில் வியூ மெனுவுக்குப் போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் பண்ணுங்கள். பிறகு உங்கள் ரீட்மீயை அங்கேயே ஒரு தடவை டபுள் கிளிக் செய்து பாருங்கள்.