அரை மீட்டர் பொய்

சித்திரை மாதம், காலை 11 மணி. செங்கல்பட்டு கொளவாய் ஏரிக்கரையில் இரண்டடி நீள மாதிரி நீர்மூழ்கி ஒன்று வெயில் காய்கிறது. உடல், கறுப்பு வண்ணம் அடித்த நாலங்குல பி.வி.சி. குழாய். மூடியை இறுக்கி, சுவிட்சைப் போட்டு, ‘அரை மீட்டர் ஆழத்தில் நில்’ என்று கட்டளை கொடுத்து விட்டேன். சொன்னபடி மூழ்கியது. ஆனால் பத்து நிமிடத்தில் மெல்ல மெல்ல ஏறிவந்து முதுகைக் காட்டியது! மோட்டாரில் குறையில்லை, பேட்டரி நிறைய இருந்தது, ரப்பர் வளையத்தில் கசிவும் இல்லை.

படகுக்கு ஆழம் எப்படித் தெரிகிறது என்று பார்த்தால் குற்றவாளி அகப்படுவான். மூக்கில் நிலக்கடலை அளவில் ஓர் அழுத்த உணரி (சென்சார்) இருக்கிறது. அதற்குள் மெல்லிய சிலிக்கான் சவ்வு. ஒரு பக்கம் ஏரி நீர் தள்ளும், மறுபக்கம் படகின் உள்ளே அடைபட்ட காற்று தள்ளும். சவ்வு எந்தப் பக்கம் எவ்வளவு வளைகிறதோ அதுவே ஆழக் கணக்கு. பத்து மீட்டர் நீர் நம் தலைமேல் உள்ள மொத்த வளிமண்டலத்துக்குச் சமம். ஆக ஒரு சென்டிமீட்டர் ஆழம் என்பது காற்றழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைக்கூட அந்தச் சவ்வு உணர்ந்துவிடும்.

அந்த நுணுக்கமே வினையானது. வெயிலில் குழாய்க்குள் காற்று 45 டிகிரிக்குச் சூடேறியிருந்த நேரத்தில் ‘இதுதான் பூஜ்யம்’ என்று உணரிக்குச் சொல்லிவிட்டேன். ஏரி நீரோ 30 டிகிரி. அடைபட்ட காற்று மூன்று டிகிரி குளிர்ந்தால் அதன் அழுத்தம் சுமார் ஒரு சதவீதம் குறையும்; அது பத்து சென்டிமீட்டர் நீருக்குச் சமம். பதினைந்து டிகிரிக்குக் கணக்குப் போடுங்கள்: அரை மீட்டர்! உள்காற்று தளர்ந்ததை நீர் அழுத்துவதாக எண்ணி, மேற்பரப்பில் மிதந்துகொண்டே தான் அரை மீட்டர் ஆழத்தில் இருப்பதாகப் படகு நம்பியது. படகைக் கால்மணி நேரம் நீரில் ஊறவிட்டு, பிறகு பூஜ்யம் வைத்தால் போதும்.

இதற்கு நேரெதிரான கோளாறும் உண்டு, அது பொல்லாதது. சில மாதிரிகள் பெரிய ஊசிக்குழல் போன்ற பிஸ்டனால் நீரை உறிஞ்சிக் கனமாகி மூழ்கும். உள்ளே இரண்டு லிட்டர் காற்று இருக்கையில் 100 மில்லிலிட்டர் நீரை இழுத்தால் அந்தக் காற்று ஐந்து சதவீதம் நெருக்கப்படும். உணரி, ‘அரை மீட்டர் மேலே இருக்கிறாய்’ என்கிறது. படகு இன்னும் நீர் குடிக்கிறது, காற்று இன்னும் நெருங்குகிறது, படகு தரையைத் தொடும்வரை குடித்துக்கொண்டே போகிறது. சவ்வின் பின்புறம் வெற்றிடத்தை வைத்து மூடிய உணரியைப் பொருத்தினால் இரண்டு பொய்களும் ஒழியும். எனக்கு மிகப் பிடித்த தீர்வு இதுதான்.

அடுத்த கோளாறு ஊஞ்சலாட்டம். சொன்ன ஆழம் வந்தபின் சுக்கானைத் திருப்பினால் படகு தாண்டிப் போய்விடும், திரும்பும்போதும் தாண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகத்தடை வருமுன்பே காலை எடுக்கும் ஓட்டுநரைப் போல, எவ்வளவு ஆழம் என்பதோடு எவ்வளவு வேகமாக இறங்குகிறோம் என்பதையும் படகின் மின்பலகை (சர்க்யூட் போர்டு) கணக்கில் எடுக்க வேண்டும்.

இதே படகை மாமல்லபுரம் கடலில் விட்டால் மூழ்க மறுக்கும். உப்புநீர் சுமார் இரண்டரை சதவீதம் கூடுதல் கனம். ஐந்தரை கிலோ படகுக்குச் சுமார் 140 கிராம் ஈயம் கூடுதலாகத் தேவை. மூன்று பேர் அமரும் மத்ஸ்யா 6000 நீர்மூழ்கியை உருவாக்கும் பள்ளிக்கரணை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனமும், 2025 தொடக்கத்தில் அதைக் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இறக்கியபோது மிதப்பையும் நிலைத்தன்மையையும் சோதித்தது.

கடலில் ரேடியோவும் கைவிடும். இன்றைய ரிமோட்டுகளின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை உப்புநீரில் விரற்கடை தூரத்திலேயே அடங்கிவிடும். கடற்படை தன் நீர்மூழ்கிகளோடு பேச, திருநெல்வேலி அருகே 1990-ல் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் ரேடியோ நிலையத்தை அமைத்தது. அங்கிருந்து புறப்படும் ஒரே ஓர் அலை பதினைந்து கிலோமீட்டருக்கும் மேல் நீளும். அத்தனை நீண்ட அலைதான் கடலுக்குள் சில மீட்டராவது இறங்கும். நம் கைரிமோட்டுக்கு அது ஆகாது. அதனால் மின்பலகையில் ஒரு வரி எழுதிவைக்கிறோம்: ஐந்து விநாடி சிக்னல் வரவில்லையென்றால், மோட்டாரை நிறுத்தி, நீரைத் துப்பிவிட்டு மேலே வா.