நிகழ்படத் தலைப்புக் கருவி

நிகழ்படத் தலைப்புக் கருவி அல்லது டைட்டிலர் என்பது ஓடும் நிகழ்படத்தின் மேல் எழுத்துகளைப் பதிக்க உதவும் மின்னணுக் கருவி ஆகும். தொலைக்காட்சி நிலையங்களில் பயன்பட்ட பெரிய வகை எழுத்தாக்கி எனப்பட்டது. அமெரிக்காவில் கைரான் நிறுவனத்தின் கருவிகள் பரவியதால், செய்தித் திரையின் அடியில் வரும் எழுத்துக்கே கைரான் என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1990களில் விடியோனிக்ஸ் நிறுவனத்தின் டைட்டில்மேக்கர் போன்ற சிறு கருவிகள் வந்தபின், கணினி இல்லாமலே தலைப்பிட முடிந்தது.

பட்டியில் இயங்கும் முறை

இக்கருவிகளில் சொற்களைத் தட்டச்சு செய்தபின், திரையில் தோன்றும் பட்டியிலிருந்து எழுத்துரு, அளவு, நிறம், விளிம்பு, நிழல், பின்னணி ஆகியவற்றை அம்புக்குறி விசைகளால் தேர்ந்தெடுப்பர். எழுத்து மெல்லத் தோன்ற வேண்டுமா, கீழிருந்து மேலே உருள வேண்டுமா என்பதும் பட்டியிலேயே முடிவாகும். முன்னோட்டத்துக்குத் தனி வெளியீடு இல்லாத கருவியில், பதிவுக்கு முன் பட்டியை மூட மறந்தால் அதுவும் நாடாவில் ஏறிவிடும்.

வி.எச்.எஸ். நாடாவில் பதிந்த எழுத்தை அழித்துத் திருத்த இயலாது. மணமகன் பெயரில் ஒரு புள்ளி விடுபட்டாலும் அப்பகுதியை மூல நாடாவிலிருந்து மீண்டும் படியெடுக்க வேண்டும். மூல நாடா கையில் இல்லையென்றால் பிழை பிழையாகவே நிற்கும்.

நிறமும் கோடும்

மங்கலம் கருதிச் சிவப்பைக் கேட்பவர் பலர். ஆனால் வி.எச்.எஸ். முறை நிற விவரத்தை மிகக் குறைவாகவே பதிவதால், அடர்சிவப்பு எழுத்தின் ஓரம் கசிந்து மங்கும். கறுப்பு விளிம்பிட்ட மஞ்சளோ வெள்ளையோ தெளிவாக நிற்கும். மங்கலத்துக்கும் மஞ்சள் குறைந்ததன்று.

இந்தியாவில் வழங்கிய பால் முறையில் 625 கோடுகள் உண்டு. அவை ஒற்றை, இரட்டை வரிசைகளாக மாறிமாறி நொடிக்கு 50 முறை வரையப்படும். ஒரே கோட்டுத் தடிமனுள்ள கிடைக்கோடு ஒரு வரிசையில் மட்டும் வருவதால் துடிக்கும். ட, ப ஆகியவற்றின் அடிக்கோட்டில் இது நன்கு தெரியும். ஆகவே தடித்த எழுத்துருவே ஏற்றது. சிறிய அளவில் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும். பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் படத்தின் ஓரங்களை மறைத்ததால், நான்கு பக்கமும் சுமார் 10 விழுக்காடு இடம்விட்டு எழுதுவது வழக்கம்.

தமிழும் தெலுங்கும்

சிறு கருவிகள் பெரும்பாலும் உரோமன் எழுத்துக்கே அமைந்தவை. 'கொ' போன்ற எழுத்தில் குறி இருபுறமும் வருவதால், தமிழுக்குத் தனி எழுத்துரு வேண்டியிருந்தது. கையால் எழுதிய அட்டையைப் படம்பிடிப்பதும் உண்டு. பின்னர் புனேயின் சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் தொழில்நுட்பம் இந்திய எழுத்துகளைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்தது.

1960 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த திருத்தணி வட்டாரத்தில் இரு மொழிகளும் வழங்குகின்றன. கனகம்மாசத்திரம் போன்ற ஊரின் திருமணப் படத்தில் இரு மொழியிலும் பெயரிட்டால் வரி இடைவெளியே முதல் சிக்கல். தமிழில் புள்ளி மேலே நிற்கும்; தெலுங்கில் ஒற்றெழுத்து கீழே தொங்கும். தெலுங்கு வரி மேலேயும் தமிழ் வரி கீழேயும் நெருங்கி அமைந்தால் இரண்டும் மோதும். பட்டியில் இடைவெளியைக் கூட்ட வழியில்லாத கருவியில் இரு பெயர்களையும் தனித்தனிப் பக்கங்களாகப் பிரித்துக் காட்டலாம்.