பணத்தை ஒழித்த நாட்டுக்குப் பணம் திரும்பிய கதை

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் படை கம்போடியாவின் தலைநகர் புனோம் பென்னுக்குள் நுழைந்தது. போருக்கு அஞ்சி ஓடிவந்தவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 20 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழ்ந்த ஊர், சில நாட்களில் ஆளரவமற்றுப் போனது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர்களைக்கூட விட்டுவைக்காமல் எல்லாரையும் வயல்வெளிக்கு விரட்டினார்கள். தேசிய வங்கிக் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். பணத்தையே ஒழித்தார்கள். தங்கள் ஆட்சிக்கென்று அவர்கள் அச்சடித்து வைத்திருந்த நோட்டுகள்கூடப் புழக்கத்துக்கு வரவில்லை. சந்தை, சம்பளம், வாடகை, நிலவுரிமை எதுவும் மிஞ்சவில்லை. பொதுச் சமையற்கூடத்தில் அளந்து ஊற்றிய கஞ்சிதான் உழைப்புக்குக் கிடைத்த கூலி.

1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை உள்ளே வந்து அந்த ஆட்சியை அகற்றியபோது, ஏறத்தாழ 78 லட்சம் பேர் வாழ்ந்த நாட்டில் 15 முதல் 20 லட்சம் பேர் பட்டினியாலும் நோயாலும் கொலையாலும் இறந்துபோயிருந்தார்கள். அவர்களில் ஆசிரியர்கள், மருத்துவர்கள், கணக்கர்கள், பொறியாளர்கள் ஏராளம். ஒரு நாட்டை மீட்டெடுப்பது என்றதும் நமக்குப் பாலமும் சாலையும்தான் நினைவுக்கு வருகின்றன. கம்போடியாவுக்கு அதற்கும் முந்திய வேலை ஒன்று இருந்தது. இந்தக் காகிதத்தைக் கொடுத்தால் நாளைக்கும் அரிசி கிடைக்கும் என்று மக்களை மறுபடி நம்பவைக்க வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்தும் அந்த வேலை முழுதாக முடியவில்லை. அந்நாட்டின் வளர்ச்சியையும் அதன் வலிகளையும் புரிந்துகொள்ள இதுவே சரியான வாசல் என்பது என் எண்ணம்.

கெமர் ரூஜ் தலைவர்கள் தங்களை அங்கோர் பேரரசின் வாரிசுகளாகக் காட்டிக்கொண்டார்கள். கொடியிலும் அங்கோர் வாட் கோபுரங்களையே வைத்தார்கள். அங்கோர் மன்னர்கள் வெட்டிய நீர்நிலைகள் உண்மையிலேயே மலைக்கவைப்பவை. 11-ம் நூற்றாண்டில் உருவான மேற்கு பராய் ஏரி சுமார் 8 கிலோமீட்டர் நீளமும் 2 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. அதைப் போல நாமும் வெட்டுவோம் என்று சொல்லித்தான் பட்டினி மக்களைக் கால்வாய் தோண்டவைத்தார்கள். ஆனால் அங்கோர் எப்படிப் பிழைத்தது என்பதை அவர்கள் படிக்கவேயில்லை. 1296-ல் அங்கு வந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கிய சீனத் தூதுக்குழு உறுப்பினர் ஜோ தாகுவான் அதை எழுதிவைத்திருக்கிறார். காலையில் சந்தை கூடும், வியாபாரம் முழுவதும் பெண்கள் கையில், சிறு வாங்கலுக்கு அரிசி, அதைவிடப் பெரிதுக்குத் துணி, பெருந்தொகை என்றால் பொன்னும் வெள்ளியும். அங்கோரில் அச்சிட்ட நாணயம் கிடையாது. ஆனால் சந்தை இருந்தது, கொடுக்கல் வாங்கல் இருந்தது. கெமர் ரூஜ் தலைவர் போல் பாட்டின் ஆட்சி அழித்தது அதைத்தான்.

1979-ல் ஊர் திரும்பியவர்கள் தெரிந்தோ தெரியாமலோ அந்தப் பழைய முறைக்கே போனார்கள். அரிசியை அளந்து கொடுத்துக் காய்கறி வாங்கினார்கள். ஒளித்துவைத்திருந்த தங்கத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். எல்லையோரங்களில் தாய்லாந்தின் பாட் நாணயமும் வியட்நாமின் டாங் நாணயமும் புழங்கின. அரசு ஊழியர்களுக்குச் சம்பளமே அரிசிதான். 1980 மார்ச் 20 அன்று நாட்டின் சொந்த நாணயமான ரியெல் மறுபடி அறிமுகமானது. கிலோ அரிசி ஒரு ரியெல், ஒரு டாலர் நான்கு ரியெல் என்று விலை வைத்தார்கள். பணத்தை மக்கள் பழக்கத்துக்குக் கொண்டுவர, தொடக்கத்தில் அதை இலவசமாகவே கொடுத்தது அரசு.

ரியெல் நிலைகொள்ளும் முன்பே அடுத்த அடி விழுந்தது. அரசு நம்பியிருந்த சோவியத் உதவி நின்றது. பற்றாக்குறையை ஈடுகட்ட அரசு நோட்டு அச்சடித்தது. விலைவாசி தறிகெட்டு ஏறியது. அந்த நேரத்தில்தான் 1991 அக்டோபர் 23-ல் பாரிஸ் அமைதி உடன்படிக்கை கையெழுத்தாகி, ஐ.நா. சபையின் இடைக்கால நிர்வாகம் வந்து இறங்கியது. சுமார் 22 ஆயிரம் பேர், செலவு 160 கோடி டாலருக்குக் குறையாது. வீட்டு வாடகை, ஓட்டுநர் கூலி, சாப்பாட்டுச் செலவு எல்லாம் டாலரில் கொட்டியது. 1993 தேர்தலை நடத்திவிட்டு அவர்கள் போய்விட்டார்கள், டாலர் தங்கிவிட்டது.

இன்றைக்கும் வங்கி வைப்புத்தொகையில் 80 விழுக்காட்டுக்கும் மேல் டாலர்தான். புனோம் பென் சந்தையில் ஒன்றரை டாலருக்குப் பழம் வாங்கி மூன்று டாலர் நீட்டினால், கடைக்காரப் பெண் ஒரு டாலர் நோட்டும் 2,000 ரியெலும் திருப்பித் தருவார். டாலரின் சில்லறைக் காசு அங்கே செல்லாது. டாலருக்குக் கீழே எல்லாமே ரியெல். ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியெல் என்று மனக்கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் கொடுக்கும் டாலரின் ஓரம் லேசாகக் கிழிந்திருந்தாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ரியெல் எவ்வளவு கசங்கியிருந்தாலும் வாங்கிக்கொள்வார். எதைச் சேமிப்பார்கள், எதைச் செலவழிப்பார்கள் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இதனால் ஆதாயம் இல்லாமல் இல்லை. விலைவாசி கட்டுக்குள் நின்றது. முதல் போட வந்த அயல்நாட்டு நிறுவனத்துக்கு நாணய மதிப்பு சரியுமோ என்ற பயம் இல்லை. அப்படி வந்தவற்றில் ஆயத்த ஆடைத் தொழில்தான் நாட்டைத் தூக்கி நிறுத்தியது. 1999-ல் அமெரிக்காவுடன் கம்போடியா செய்துகொண்ட ஒப்பந்தம் தனித்தன்மை உடையது. தொழிற்சாலைகளில் வேலைநிலைமை மேம்பட மேம்பட, ஏற்றுமதி ஒதுக்கீடும் கூடும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2001 முதல் ஆலைகளுக்குள் போய்ப் பார்த்து அறிக்கை எழுதியது. 2004 முடிவில் உலக அளவில் ஒதுக்கீட்டு முறையே ஒழிந்தபோது, சீனாவின் முன் கம்போடியா நிற்காது என்று பலர் ஆரூடம் சொன்னார்கள். அது பலிக்கவில்லை. 1998 தொடங்கி 2019 வரை நாட்டின் பொருளாதாரம் ஆண்டுக்குச் சராசரியாக 7 விழுக்காட்டுக்கும் மேல் வளர்ந்தது.

அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவர்கள் கிராமத்துப் பெண்கள். கம்போங் ஸ்பியூ போன்ற மாகாணங்களில் விடியும் முன்பே திறந்த லாரிகளில் நின்றபடி, வெயிலுக்கும் தூசிக்கும் துணியால் முகத்தை மூடிக்கொண்டு ஆலைக்குப் போகிறார்கள். அந்த லாரிகள் கவிழ்ந்து உயிர்கள் போவதும் நடக்கிறது. 2025-ல் இவர்களின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 208 டாலர். அதில் ஒரு பங்கு கைப்பேசி வழியாக அன்றே ஊருக்குப் போய்விடும்.

டாலரின் மறுபக்கம் இங்கேதான் தெரிகிறது. ஏற்றுமதி படுத்தால் மற்ற நாடுகள் தங்கள் நாணய மதிப்பைச் சற்றே இறக்கி விலையைக் குறைத்துக்கொள்ளலாம். கம்போடியாவுக்கு அந்த வழி பெரும்பாலும் இல்லை. சுமை நேராகச் சம்பளத்தின் மேலும் வேலையின் மேலும் விழும். வங்கி தடுமாறினால் கைகொடுக்க, மத்திய வங்கியால் டாலர் அச்சடிக்கவும் முடியாது.

இதைவிடவும் என்னை உறுத்துவது நிலம். கெமர் ரூஜ் காலத்தில் நிலவுரிமை அழிந்ததால், யாருடைய நிலம் எது என்பதைப் பின்னர் புதிதாகவே எழுத வேண்டியிருந்தது. 2001 நிலச் சட்டத்துக்குப் பிறகு உழவர்கள் கைக்கு மெல்ல மெல்லப் பட்டா வந்தது. கைக்கு வந்த பட்டா அடகுக்குப் போனது. கம்போடியாவின் சராசரி நுண்கடன் 4,000 டாலரைத் தாண்டுகிறது; ஒருவரின் சராசரி ஆண்டு வருமானத்தைவிடக் கூடுதல். 2017-ல் அரசு வட்டிக்கு 18 விழுக்காடு உச்சவரம்பு விதித்தது. ஆனாலும் தவணை கட்ட இன்னொரு கடன், அதைக் கட்ட நிலத்தை விற்பது என்ற சுழல் நிற்கவில்லை. ஒரு தலைமுறை எல்லாவற்றையும் இழந்து திரும்பப் பெற்ற நிலத்தை அடுத்த தலைமுறை தவணைக்காக இழப்பதை வளர்ச்சியின் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. இதைத் தட்டிக்கேட்கும் அரசியல் இடமும் சுருங்கிவிட்டது. முதன்மை எதிர்க்கட்சியை 2017-ல் உச்ச நீதிமன்றம் கலைத்தது. 1985 முதல் பிரதமராக இருந்த ஹுன் சென் 2023-ல் மகன் ஹுன் மானெட்டிடம் பொறுப்பை ஒப்படைத்தார்.

ரியெலை மீட்க மத்திய வங்கி நிதானமாக முயல்கிறது. டாலருக்குத் தடை போடவில்லை. போட்டால் மக்கள் பதறி வங்கியை மொய்ப்பார்கள் என்று அதற்குத் தெரியும். வங்கிகள் தரும் கடனில் 10 விழுக்காடாவது ரியெலில் இருக்க வேண்டும் என்றது. 2020 அக்டோபரில் பாகோங் என்ற கைப்பேசிப் பணப்பரிமாற்ற முறையைத் தொடங்கியது. ஒரே கியூஆர் குறியீட்டை எந்த வங்கிச் செயலியாலும் வருடிப் பணம் செலுத்தலாம், ரியெலாகவும் டாலராகவும். காகித ரியெலைச் சேமிக்கத் தயங்கியவர்கள் கைப்பேசியில் அதைத் தயக்கமின்றிச் செலவழிக்கிறார்கள்.

இதற்குள் வெளியிலிருந்து இடிகள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா 49 விழுக்காடு வரி என்று அறிவித்து, பேச்சுவார்த்தைக்குப் பின் 19-ஆகக் குறைத்தது. அதே ஆண்டில் தாய்லாந்துடன் எல்லைச் சண்டை மூண்டது. அங்கே வேலை பார்த்த லட்சக்கணக்கான கம்போடியர்கள் ஊர் திரும்பினார்கள்.

அரசு பெரிதும் நம்புவது ஃபுனான் டெக்கோ கால்வாய். மீகாங் ஆற்றுப் பகுதியைத் தாய்லாந்து வளைகுடாவுடன் இணைக்கும் நீர்வழி இது. 2024 ஆகஸ்டில் வேலை தொடங்கியது. வியட்நாம் துறைமுகங்களை நம்பியிருப்பதைக் குறைப்பதே நோக்கம். பெயர் பொருத்தமானது. 1-ம் நூற்றாண்டு முதல் 6-ம் நூற்றாண்டு வரை செழித்த ஃபுனான் அரசு, கம்போடியாவின் தெற்கில் உள்ள அங்கோர் போரேயிலிருந்து இன்றைய வியட்நாமில் உள்ள ஓக் இயோ வரை வெட்டிய கால்வாயின் தடம் வான்வழிப் படங்களில் தெரிகிறது. கெமர் மொழியில் காலம் குறித்த மிகப் பழைய கல்வெட்டு, 611-ஐச் சேர்ந்தது, அதே அங்கோர் போரேயில் கிடைத்தது. அதன் எழுத்து பல்லவ எழுத்தின் வழிவந்தது. வணிகமும் எழுத்தும் அந்த நீர்வழிகளை ஒட்டித்தான் வளர்ந்தன. ஆனால் புதிய கால்வாய் வெள்ளச் சமவெளியைக் குறுக்கே அறுத்துப் போகும். இடம்பெயர்பவர்களுக்கு உரிய இழப்பீடு, கீழ்நிலை வயல்களுக்கு நீர் ஆகிய இரண்டுக்கும் தெளிவான பதில் வேண்டும்.

கால்வாயைவிட எனக்கு நம்பிக்கை தருவது முந்திரி. உலகில் மிகுதியாக முந்திரிக்கொட்டை விளைவிக்கும் நாடுகளில் கம்போடியாவும் ஒன்று. கம்போங் தோமிலும் ரத்தனகிரியிலும் விளையும் கொட்டையில் பெரும்பகுதி உடைக்கப்படாமலே லாரியேறி வியட்நாம் போகிறது; உடைத்து, தோல் நீக்கி, வறுத்து விற்கும் லாபம் அங்கேயே தங்கிவிடுகிறது. அந்த வேலையை உள்நாட்டுக்குக் கொண்டுவர 2022-ல் அரசு ஒரு முந்திரிக் கொள்கை வகுத்தது. அவசரம் உண்மையானது. மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலிலிருந்து 2029-ல் கம்போடியா வெளியேற இருக்கிறது. அந்தப் பட்டியலில் இருப்பதால் கிடைக்கும் வரிச்சலுகைகளும் அதன்பின் படிப்படியாக விலகும். தையல் ஆலைகளை மட்டும் நம்பியிருக்கும் ஊர்களில் முந்திரி உடைக்கும் ஆலைகளும் வந்து சேர இடைப்பட்ட இந்தச் சில ஆண்டுகள்தான் இருக்கின்றன.