மணிலாக்கொட்டையும் ஸ்பானியப் பிரபுவும்

விருத்தாசலம் வட்டாரத்தில் நிலக்கடலையை மல்லாட்டை என்கிறோம். மணிலாக்கொட்டை என்பதே மருவி மல்லாட்டை ஆயிற்று. மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகர். ஆனால் நிலக்கடலையின் தாயகமோ தென் அமெரிக்கா! அப்படியானால் இந்தப் பெயர் எப்படி வந்தது?

இக்கேள்வி நம்மை லெகாஸ்பி என்ற ஸ்பானியப் பிரபுவிடம் கொண்டு செல்கிறது. மெக்சிகோ நகர சபையில் எழுத்தராயிருந்த இவர், கடலோடி அல்லர். ஆயினும் 1564 நவம்பரில், அறுபது வயதை ஒட்டிய நிலையில், மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணைப்படி பசிபிக் கடலைக் கடக்கப் புறப்பட்டார். 1565இல் செபுத் தீவை அடைந்தார். அங்கு ஊர் பீரங்கியால் தாக்கப்பட்டது. 1571இல் மணிலாவைக் கைப்பற்றித் தலைநகராக்கினார். மறு ஆண்டே இறந்தார்.

போவது எளிது, திரும்புவதே கடினம். ஏன் தெரியுமா? வெப்பமண்டலப் பகுதியில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வீசுகிறது. பாய்மரக் கப்பல் அதை எதிர்த்து வெகுதூரம் செல்ல இயலாது. முன்னர் சென்ற பலர் திரும்பும் வழியின்றித் தவித்தனர். லெகாஸ்பியுடன் வந்த துறவி உர்தானெத்தா, கப்பலை வடக்கே ஏறத்தாழ 40 பாகை வரை செலுத்தினார். அங்கே காற்று மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசுகிறது! 1565 ஜூனில் புறப்பட்ட கப்பல் அக்டோபரில் மெக்சிகோவின் அக்காபுல்கோ துறைமுகத்தை அடைந்தது.

இவ்வாறு காற்றின் போக்கை அறிந்ததால் பிறந்த வணிகம் 1815 வரை நடந்தது. அமெரிக்க வெள்ளி மணிலாவுக்கு வந்தது. சீனப் பட்டும் பீங்கானும் அக்காபுல்கோவுக்குச் சென்றன. அமெரிக்கப் பயிர்களும் கப்பலேறி ஆசியாவுக்கு வந்தன. நம் நிலக்கடலையின் பெயர் இந்தக் கடல்வழியைத்தான் சுட்டுகிறது.

இன்று விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் உண்டு, வி.ஆர்.ஐ. என்று தொடங்கும் நிலக்கடலை ரகங்களைத் தந்த வேளாண் ஆராய்ச்சி நிலையமும் உண்டு. அன்று மணிலாத் துறைமுகத்தில் சந்தித்த இரு பொருள்கள் இன்று நம் ஊரில் சந்திக்கின்றன!

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. ஊரைப் பிடித்த பிரபுவின் பெயர் வரலாற்றில் நிற்கிறது; கப்பல் தங்கிய நகரின் பெயர் நம் நாவில் நிற்கிறது. காட்டுச் செடியைப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் பயிராக்கிய தென் அமெரிக்கப் பழங்குடி உழவர்களின் பெயரோ எங்கும் இல்லை. அடுத்த முறை மல்லாட்டை உரிக்கும்போது அவர்களையும் சற்றே நினைத்துக்கொள்ளுங்கள்.