பேசாத தேள்: மெய்கோ காஜியும் 'கைதி எண் 701'-ம்

'கில் பில்' பார்த்தவர்களுக்கு மெய்கோ காஜியின் முகம் தெரியாவிட்டாலும் குரல் தெரிந்திருக்கும். முதல் பாகத்தில் பனியில் நடக்கும் வாள் சண்டை முடிந்ததும் ஒரு ஜப்பானியப் பாட்டு வரும் இல்லையா, அதைப் பாடியவர் இவர்தான். இரண்டாம் பாகத்தின் முடிவில் பெயர்கள் ஓடும்போது வரும் 'உராமி புஷி'யும் இவர் குரலே. 'உராமி' என்றால் ஆறாத வன்மம். அந்தப் பாட்டு 1972-ல் டோயெய் ஸ்டுடியோ எடுத்த 'பெண் கைதி எண் 701: தேள்' படத்துக்காக எழுதப்பட்டது.

இது எக்ஸ்ப்ளாய்டேஷன் படம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். பெண்கள் சிறை, குளியலறை, சித்திரவதை எல்லாமே டிக்கெட் விற்க வைத்தவை. 1958-ல் ஜப்பானில் 112 கோடி சினிமா டிக்கெட் விற்றது. டிவி வீட்டுக்குள் வந்தபிறகு, 1972-ல் அது 20 கோடிக்கும் கீழே போய்விட்டது. டிவியில் காட்ட முடியாததைக் காட்டினால்தான் ஆள் வரும் என்று ஸ்டுடியோக்கள் கணக்குப் போட்டன. நிக்கட்சு ஸ்டுடியோ 1971 கடைசியில் பாலுறவுப் படங்களுக்கு மாறியது. அங்கே 'ஸ்ட்ரே கேட் ராக்' படங்களில் பெயர் வாங்கியிருந்த காஜி, அதில் நடிக்க விரும்பாமல் டோயெய் பக்கம் வந்தார். வந்த இடத்தில் கிடைத்தது சிறைப்படம்!

மூலக்கதை தோரு ஷினோஹாராவின் மாங்கா, அதாவது காமிக்ஸ். அதில் நாயகி நாமி வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தைதான். காஜிக்கு அது பிடிக்கவில்லை. இவள் பேசாமலே இருக்கட்டுமே என்று இயக்குநர் ஷுன்யா இட்டோவிடம் கேட்டார். இட்டோவுக்கு அது முதல் படம், ஒத்துக்கொண்டார்.

என்னைப் பொறுத்தவரை இந்தப் படம் இன்றைக்கும் நிற்பது அந்த ஒரு முடிவால்தான். இந்த மாதிரிப் படங்களில் விற்பனைச் சரக்கே பெண்ணின் அலறலும் கெஞ்சலும்தான். நாமி அதைத் தருவதில்லை. முன்கதையில் கொஞ்சம் பேசுகிறாள், சிறைக்குள் வந்தபிறகு வாய் மூடிவிடுகிறது. தண்டனையாகக் குழி வெட்டச் சொல்கிறார்கள். இவள் வெட்ட வெட்ட மற்ற கைதிகள் மேலிருந்து மண்ணைத் தள்ளுகிறார்கள். அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பார்வை காவலர்களோடு நிற்காமல், இருட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற நம்மையும் தொடுகிறது.

இட்டோவும் சும்மா இல்லை. படமே தேசியக் கொடியின் கீழ் சிறை அதிகாரிக்குப் பாராட்டு விழா நடக்கும்போதுதான் தொடங்குகிறது. நாமி காதலித்த போலீஸ்காரன் சுகிமி, அவளை உளவு பார்க்க அனுப்பி யாகுசா கும்பலிடம் பலிகொடுக்கிறான். அதற்கு முன்பு, அவளது முதல் உறவின் ரத்தம் வெள்ளை விரிப்பில் வட்டமாகப் பரவி ஜப்பான் கொடியாகவே தெரிகிறது. வல்லுறவுக் காட்சியைக் கண்ணாடித் தரைக்குக் கீழிருந்து எடுத்திருக்கிறார். பிறகு கபுகி மேடை போல அரங்கமே சுழல்கிறது.

அதற்காக இதைப் பெண்ணியப் படம் என்று சிலர் தூக்கிப் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கேமரா பல இடங்களில் கூச்சமில்லாமல் உடம்பைத்தான் மேய்கிறது. அரசைத் திட்டவும் வேண்டும், கல்லாவும் நிறைய வேண்டும் என்கிற படம் இது. அந்த இழுபறிக்கு நடுவில் ஒரு நடிகை தன் கதாபாத்திரத்தை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றியிருக்கிறார். பெண்ணியம் என்றால் அதைச் சொல்வேன்.

இரண்டே வருடத்தில் காஜி நான்கு 'தேள்' படங்களில் நடித்தார். 1973-லேயே 'லேடி ஸ்னோப்ளட்'டும் வந்துவிட்டது. 1978-ல் யாசுசோ மசுமுராவின் 'சொனெசாகி காதல் தற்கொலை'யில், பழைய பொம்மலாட்ட நாடகத்தின் நாயகியாக நடித்தார். அதைப் பார்த்தால், இவர் வெறும் முறைப்பு மட்டும் இல்லை என்பது புரியும்.

பார்ப்பதானால் முதல் படத்திலிருந்து தொடங்குங்கள். வன்முறை கடுமையாக இருக்கும், குழந்தைகள் தூங்கியபிறகு பாருங்கள். இரண்டாவது படம் இன்னும் விசித்திரம், அதில் நாமி பேசுவதை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான்காவதை இட்டோ இயக்கவில்லை, அதற்கு அவசரமில்லை.